யார் முதலில் பேசுவது

ஸ்ரீரங்கம்
5.9.2025

அன்புள்ள பிராங்க்ளினுக்கு,

சுகமா? நான் சுகம். சுகம் என்று எழுதியதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோண்டாதே. கொஞ்சம் ஜலதோஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன வாரம் பேசியபோது நான் "சரி" என்று சொல்வதற்கு முன்னால் தயங்கினேனாம். அந்தத் தயக்கம் யாரைப் பற்றியது என்று கேட்டாய். அதிலேயே பேச்சு முடிந்துபோயிற்று. கடிதத்தில் நான் தயங்கினால் உனக்குத் தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதுவேன். புத்தூரிலிருந்து இங்கே வர அரை மணி நேரம்கூட ஆகாது, தபால் மட்டும் காவிரியைத் தாண்ட மூன்று நாள் எடுக்கிறது. அதற்குள் என் கோபமும் ஆறிவிடும்.

விஷயம் இதுதான். நம் பழைய காலேஜிலிருந்து லிசி மேடம் போன் செய்தார். அக்டோபர் பத்து மனநல நாளுக்கு வழக்கம்போல நாம் இருவரும் டிபார்ட்மென்ட்டில் பேச வேண்டுமாம். "உங்க ரெண்டு பேரு சண்டையைக் கேக்கத்தான் பசங்க வருஷம் பூரா காத்திருக்காங்க சுபா" என்றார். எம்.ஏ. முதல் வருஷம் கேன்டீனில் ஆரம்பித்த சண்டை. நீ உளப்பகுப்பாய்வு, நான் மனிதநேய முறை. படுக்க வைத்து, முகம் காட்டாமல் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்தவரின் சின்ன வயதைக் கிளறுகிறவன் நீ. நேர் எதிரே உட்கார்ந்து, இன்றைக்கு உங்களுக்கு என்ன வலிக்கிறது என்று கேட்கிறவள் நான். இந்தச் சண்டையை நம்பித்தான் நம் கல்யாணமே நடந்தது. நாம் இப்போது வேறு வேறு வீட்டில் இருப்பது மேடத்துக்குத் தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் குழந்தை போன பிறகு நாம் சேர்ந்து எங்கேயும் நிற்கவில்லை. ஜூனில் நான் இந்த மாடி வீட்டுக்கு வந்ததுகூடச் சண்டை போட்டு அல்ல. ஒரு வீட்டில் இரண்டு பேர் சத்தமில்லாமல் நடப்பதைத் தாங்க முடியாமல் வந்தேன். கீழே இருக்கும் மாமி என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆத்துக்காரர் எப்போ வரார்?" என்று கேட்கிறார். நான் சிரித்து மழுப்புகிறேன். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை பிராங்க்ளின். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

உன் அரை மணி நேரத்துக்கு என்ன பேசப் போகிறாய் என்று எழுது. நானும் எழுதுகிறேன். மேடையில் தடுமாற வேண்டாம்.

இன்னொன்று. குக்கரை எடுத்து வந்தேன், வெயிட்டை அங்கேயே விட்டுவிட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். அனுப்பி வை. பானையில் வடித்து வடித்துக் கை சுடுகிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் ஆழ்மனம் ஒன்றும் கிடையாது. அவசரத்தில் மறந்தேன்.

அன்புடன்,
சுபா


புத்தூர்
11.9.2025

அன்பு சுபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டு முகவரி தெரிந்தும் கிளினிக் முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வைத்துக் குடி. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அவர் முன்னால் மட்டும் நீ என்னை "என்னங்க" என்று கூப்பிடுவாயே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

என் பங்கு இப்படி இருக்கட்டும் என்று நினைக்கிறேன். மனிதனுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம், தெரியாதது அதிகம். தெரியாத அந்தப் பகுதிதான் அவனை நடத்துகிறது. காந்தி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் என்னிடம் வருகிறார். பெயர் வேண்டாம். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டால் அவருக்குக் கொதிக்கும். "உங்களுக்கு நான் பாரமா இருக்கேன்ல?" என்பார். அவர் பேசுவது என்னோடு அல்ல, சின்ன வயதில் எப்போதும் கடைக்குக் கிளம்பிக்கொண்டே இருந்த அவர் அப்பாவோடு. அந்தக் கோபத்தை நான் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லை இல்லை என்று சமாதானம் சொன்னால் அது பதுங்கிவிடும். ஒருநாள் அவரே அதை அடையாளம் காண்பார்.

இதற்காகத்தான் என் முகத்தை மறைக்கிறேன். முகம் தெரிந்தால் அதற்கு ஏற்றபடி பேசுவார்கள். என் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது. முக்கியமாக, பேச்சை நான் ஆரம்பிக்கக் கூடாது. வந்தவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதுதான் அன்றைய வேலை. அவர் கொண்டுவராததை நானாக எடுத்துப் போட்டால், அது என் அவசரம், அவருடைய வலி அல்ல.

இதைச் சொன்னால் நீ எழுந்து "இது தெரபியா, போலீஸ் விசாரணையா?" என்று கேட்பாய். பசங்க கை தட்டுவார்கள். அந்த இடத்தை உனக்காக விட்டு வைக்கிறேன்.

வெயிட் நீ சொன்ன இடத்தில்தான் இருக்கிறது. அனுப்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்கு இருந்தால் எழுது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

அன்புடன்,
பிராங்க்ளின்


ஸ்ரீரங்கம்
18.9.2025

அன்புள்ள பிராங்க்ளினுக்கு,

ஒரு குக்கர் வெயிட்டை அனுப்ப யோசனை செய்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன், இந்த மாடலுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"வேறு ஏதாவது எழுத வேண்டும் என்று உனக்கு இருந்தால்." ஐயா சாமி, இது நீ உன் கிளினிக்கில் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்கிற வாக்கியம். அதே அளவு சர்க்கரை போட்டு எனக்கும் கொடுத்திருக்கிறாய். நான் உன்னிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கவில்லை.

சரி, என் பங்கு. தன்னைச் சரிசெய்துகொள்ளும் தெம்பு எல்லாருக்குள்ளும் இருக்கிறது, அதற்கு வேண்டியது பத்திரமான ஓர் இடம் மட்டும்தான் என்று ஆரம்பிப்பேன். போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். அரியர் வைத்திருக்கிறாள், வீட்டில் சொல்லவில்லை. நீயாக இருந்தால் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவே இருபது வருஷம் பின்னால் போயிருப்பாய். நான் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். "வீட்டுக்குப் போறதுன்னாலே பயமா இருக்கு, இல்ல?" என்றேன். அவள் அழுதாள். அழுது முடித்ததும் என்ன செய்வது என்று அவளே சொன்னாள். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. வந்தவர் எப்படி இருந்தாலும் நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்வது, அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பது, அவரோடு பேசும்போது நாம் நாமாக இருப்பது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றைக் காட்டக் கூடாது. இந்த மூன்றும்தான் என் கடை. முக்கியமாக, யாரையும் அவசரப்படுத்தக் கூடாது.

இதற்கு நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அழுதுட்டுப் போயிடுவாங்க, அடுத்த வருஷம் அதே அழுகையோட வருவாங்க" என்பாய். சொல்லிக்கொள்.

நீ இங்கேதான் இருக்கிறேன் என்று எழுதியதால் இதையும் எழுதுகிறேன். ஏழாம் மாதத்தில் நம் பெண் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனாள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நான் மயக்கம் தெளிந்து பார்த்தபோது நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். உன் சட்டைக் கையில் மண் இருந்தது. நீயும் உன் அண்ணன் பிலோமின்ராஜும் எங்கேயோ போய் வந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. பெற்றவள் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது சொல்வாய் என்று விட்டுவிட்டேன். இப்போதும் அப்படித்தான். உன் நேரம் வரட்டும். நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
சுபா


புத்தூர்
28.9.2025

அன்பு சுபாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

நான் முதலில் பேசுகிறேன், நீ அடுத்து. கடைசியில் கேள்விகளுக்குக் கொஞ்சம் நேரம். லிசி மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் நேற்று வந்திருந்தார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் வருகிறதே, சுண்ணாம்பு அடிக்க வேண்டுமா, இல்லை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டார். இதைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறது?

பிராங்க்ளின்


ஸ்ரீரங்கம்
11.10.2025

பிராங்க்ளின்,

நேற்று கூட்டம் முடிந்ததும் நீ வடையைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நடுவே காபி குடிக்க எழுந்து போகவில்லை.

இரண்டாவது வரிசையில் கண்ணாடி போட்ட பெண், ஜோஸ்வின், எழுந்து கேட்டாளே. "சார், உங்க முறைல தெரபிஸ்ட் முதல்ல பேச மாட்டாரு. மேடம், உங்க முறைல யாரையும் அவசரப்படுத்த மாட்டீங்க. அப்ப ரெண்டு பேரும் சும்மாவே உக்காந்திருந்தா யாருதான் முதல்ல பேசறது?" ஹால் முழுக்கச் சிரிப்பு. நீ "நல்ல கேள்வி" என்றாய். பதில் தெரியாதபோதுதான் நீ நல்ல கேள்வி என்பாய் என்று எனக்குத் தெரியும். நான் மைக்கை வாங்கினேன். "நம்பிக்கை வந்தா அவங்களே பேசுவாங்க" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பசங்க நாம் நடிக்கிறோம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், அது அழுகையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது பிராங்க்ளின். மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் அந்த வீட்டில் இரண்டு தெரபிஸ்டுகள் உட்கார்ந்திருந்தோம். நான் வாய் திறக்க வேண்டும் என்று நீ காத்திருந்தாய். உன் நேரம் வர வேண்டும் என்று நான் காத்திருந்தேன். இரண்டு பேரும் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்தோம். அழ வேண்டியவர்கள்தான் வரவில்லை.

போன கடிதத்தில்கூட நீ கேட்டிருக்கிறாய், "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்ன தோன்றுகிறதா? சுண்ணாம்பு அடிக்க ஓர் இடம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதை நீ ஒரு கேள்வியாக மடித்து அனுப்பியிருக்கிறாய். படித்துவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் மட்டும் என்ன செய்தேன்? மூன்று விஷயம் என்று மேடையில் விரல் மடக்கிச் சொன்னேன். இரண்டை உனக்குக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டேன், புரிந்துகொண்டேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். உள்ளே எரிந்துகொண்டிருக்கும்போது வெளியே "உன் நேரம் வரட்டும்" என்று எழுதினேன். அது பொய். உன் நேரம் வரட்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே இப்போது கேட்கிறேன். பரிவோடு இல்லை, கோபத்தோடு. என் பெண் எங்கே இருக்கிறாள்? யார் தூக்கிக்கொண்டு போனது? எதில் சுற்றியிருந்தது? அவளுக்கு முடி இருந்ததா? யாராவது அவளுக்காக ஏதாவது சொன்னார்களா? அங்கே வெயில் அடிக்குமா?

பதில் எழுது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதினால், இதுவே என் கடைசிக் கடிதம்.

சுபலட்சுமி


புத்தூர்
15.10.2025

சுபா,

நீ கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன். அப்படியென்றால்தான் என்னால் எழுத முடியும்.

நம் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். வாசலில் நுழைந்து இடது பக்கம் சுவரை ஒட்டியே கடைசி வரைக்கும் போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு அங்கே தனி இடம். பக்கத்தில் ஒரு புங்க மரம். காலையில் கொஞ்சம் வெயில் வரும், மதியத்துக்கு மேல் முழுக்க நிழல்தான்.

நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணன் காரை ஓட்டினார். "என்கிட்ட குடுடா, நீ ஏறிக்க" என்றார். நான் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ திருவெள்ளறை அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து பீரோவில் வைத்திருந்தாயே, உன் பழைய மஞ்சள் வாயில் புடவையில் கிழித்த துணிகள், உன் அம்மா துவைத்துக் காயவைத்தது, அதில் ஒன்றை அண்ணனை விட்டு வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். அதில் சுற்றினேன். அதனால் அவள் உன் புடவையில்தான் போனாள்.

முடி இருந்தது. நிறைய. ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. காது உன்னுடையது, மடல் ஒட்டிய காது. உதட்டைப் பார்த்து அண்ணன் "நம்ம அம்மாடா" என்றார். நான் அவள் கையைத் திறந்து பார்த்தேன். ஏன் என்று தெரியாது.

பங்குச் சாமியார் வந்து செபம் சொன்னார். பெயர் கேட்டார். நீ இல்லாமல் நான் எப்படி வைப்பது? "மகள்" என்று சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் "இந்த மகளை" என்று சொல்லி முடித்தார். சிலுவையில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போய்விட்டு வருகிறேன். களை பிடுங்குகிறேன். நீ வீட்டில் இருந்தபோதும் போனேன். பேப்பர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதல் வாரம் நீயாகப் பேசும் வரை காத்திருக்கிறேன் என்று நம்பினேன். அதன் பிறகு அது காத்திருப்பது இல்லை, எனக்குப் பயம். தலைமாட்டில் உட்கார்ந்தால் என் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், அதுதான் எனக்கு இந்தத் தொழிலில் பிடித்ததோ என்னவோ. நான் சொன்னால் நீ தலையாட்டிக் கேட்பாய், என்னை ஏற்றுக்கொள்வாய் என்று தெரியும். அந்த ஏற்றுக்கொள்வதை என்னால் தாங்கியிருக்க முடியாது சுபா. நீ என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்தது. எனக்குக் காட்டாமல் அவளை எப்படிடா கொண்டு போனாய் என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வாசித்தபோது, மார்ச்சுக்குப் பிறகு முதல் முறையாக நீ என் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே மார்க்கெட்காரர் காத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் சார், நான் வியாழக்கிழமை வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு நீ திருவெள்ளறை போவாய் என்று தெரியும். அதற்கு முன்னால் இது சேர வேண்டும் என்று இன்றே போடுகிறேன். அண்ணனிடம் சுண்ணாம்பு வாங்கச் சொல்லிவிட்டேன். அடிப்பது நான்தான்.

இனி ஒரு கேள்வி. தொழிலில் நான் கேட்கவே கூடாத வகைக் கேள்வி, ஏனென்றால் இதற்கு என்ன பதில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்கிறது. இரண்டாம் தேதி வருவாயா? நீ வர வேண்டும். எனக்கு நீ வேண்டும்.

உன்,
பிராங்க்ளின்


ஸ்ரீரங்கம்
27.10.2025

அன்பு பிராங்க்ளினுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிட்டது. திருவெள்ளறைக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சள் புடவை என்ற இடத்தில் அவர் என்னை நிறுத்தச் சொன்னார். "நல்லாத் தொவைச்சுத்தாண்டி குடுத்தேன்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அன்று பலகாரம் சுடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைத் தின்றோம்.

உன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பேப்பர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக அவளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாய். அதற்கு நேரில் நன்றாகத் திட்டுவேன். நீ முகத்தைக் காட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நான் புரிந்துகொள்ள மாட்டேன், சொல்லிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து வேண்டுமானால் பார்க்கலாம்.

முடி இருந்தது என்று எழுதினாயே. அந்த வரியைத் தினமும் ஒருமுறை வாசிக்கிறேன்.

இரண்டாம் தேதி காலையில் வருகிறேன். மெழுகுவர்த்தி எத்தனை, எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குத் தெரியாது, நீ சொல்லிக் கொடு. மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்று காலையில் மல்லிகை கட்டித் தருகிறேன், எடுத்துக்கொண்டு போ என்றார்.

சிலுவை அப்படியே இருக்கட்டும், எழுத ஆளைக் கூப்பிடாதே. பெயர் என்னிடம் இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்தே இருக்கிறது, உனக்குச் சொல்லவில்லை. இதில் எழுத மாட்டேன். பெயர் வைக்கும்போது காதில்தானே சொல்வார்கள்? அந்தப் புங்க மரத்தடியில் உன் காதில் சொல்கிறேன். நீ குனிந்து அவளுக்குச் சொல். அவளைத் தூக்கியவன் நீ, அவள் உன் குரலில் கேட்கட்டும்.

குக்கர் வெயிட்டை எனக்கு அனுப்பாதே, கொண்டும் வராதே. டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாலேயே இருக்கட்டும். நான் குக்கரை எடுத்துக்கொண்டு வருகிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று இந்த முறை நீ தாராளமாகச் சொல்லலாம்.

உன்,
சுபா